இல்லாத வருமானத்துக்கு ஒரு வக்காலத்து

இன்கம்டாக்ஸ் ஆபீசருக்கும் கட்சிக்காரருக்கும் நடுவில் உட்கார்ந்து இரண்டு பக்கமும் திட்டு வாங்குவதை ஒரு தொழில் என்று சொல்லலாமென்றால், அந்தத் தொழிலைத்தான் நான் புதுக்கோட்டையில் செய்தேன். போர்டில் ‘வருமான வரி ஆலோசகர்’ என்று எழுதி மாட்டியிருந்தேன். ஆலோசனை கேட்டு ஒருத்தரும் வந்ததில்லை. நோட்டீஸ் வந்து, அதைக் கூரை எறவாணத்தில் சொருகி, மறந்தும் போய், அடுத்த நோட்டீஸும் வந்தபிறகுதான் வருவார்கள். வந்து, “ஒண்ணும் ஆகாதுல்ல?” என்பார்கள். வரி கட்டி நொந்துபோன அன்பர்களே, உங்கள் கஷ்டம் எனக்குத் தெரியும். ஆனால் வரி கட்டாமல் நொந்துபோனவர்களோடு நீங்கள் ஒருநாள் மாரடித்துப் பார்க்கவேண்டும்.

எங்கள் ஊர்க்காரர்களை மட்டும் குறை சொல்வதும் நியாயமில்லை. சமஸ்தானமாக இருந்தவரை இங்கே இன்கம்டாக்ஸ் என்ற பேச்சே கிடையாது. பிறகு சமஸ்தானம் இந்தியாவோடு சேர்ந்தது. கொடி மாறியது, சட்டம் மாறியது, அதெல்லாம் எல்லாருக்கும் தெரிந்தது. வரி வந்த செய்தியைச் சொன்னபோது மட்டும் ஊர் முழுக்க ஒரே நேரத்தில் காது அடைத்துக்கொண்டது. ஏழெட்டு வருஷம் கழித்து அந்தக் காதுகளைத் திறந்துவிடும் வேலை என் தலையில் விழுந்தது.

கையெழுத்துப் போடாதவர்

முதலில் வந்தவர் கந்தர்வக்கோட்டைப் பக்கத்து முந்திரி வியாபாரி. மஞ்சள் பையில் மூன்று நோட்டீஸ் கொண்டுவந்தார். ஒன்றையும் பிரிக்கவில்லை. கவரைப் பிரித்தால்தான் நோட்டீஸ் வந்ததாகக் கணக்கு என்பது அவருடைய சட்ட ஞானம். நான் பிரித்தபோது, ஏதோ பாம்புப் பெட்டியைத் திறக்கிற மாதிரி நாற்காலியைப் பின்னால் தள்ளிக்கொண்டார்.

சமஸ்தானம் போய்விட்டது, இப்போது இந்தியச் சட்டம் நமக்கும் உண்டு, வருஷாவருஷம் ரிட்டர்ன் போடவேண்டும், போடாத வருஷத்துக்கெல்லாம் சேர்த்து இப்போது போட்டாகவேண்டும் என்று தொண்டை வறளச் சொன்னேன். ரொம்பப் பொறுமையாகக் கேட்டார். எனக்குச் சந்தோஷம், மனுஷனுக்குப் புரிந்துவிட்டது என்று. பையை மடித்து இடுக்கிக்கொண்டு நிதானமாகக் கேட்டார்: “சமஸ்தானம் சேந்துச்சு, சரிங்க. ராஜா கையெழுத்துப் போட்டாரு, அதுவும் சரிங்க. நான் எங்கேங்க போட்டேன்?”

கூட்டிப் போடச் சொன்னவர்

இப்படிப்பட்டவர்களோடு பழகிப்போன எனக்கு, ஒருநாள் நோட்டீசே வராமல் ஒருவர் வந்ததும் கையும் ஓடவில்லை காலும் ஓடவில்லை. திருமயத்துக்குப் பக்கத்து ஊர், அருணாசலம் செட்டியார். பர்மாவில் வட்டிக்கடை வைத்திருந்த குடும்பம். ஜரிகை அங்கவஸ்திரம், நெற்றி நிறைய விபூதி. போன வருஷத்துக்கு ரிட்டர்ன் போடவேண்டும் என்றார். தானாகவா என்றேன். தானாகத்தான் என்றார். எழுந்து நின்று நாற்காலியைத் துடைத்துப் போட்டேன்.

வருமானம் எவ்வளவு என்று கேட்டேன். ஒரு தொகை சொன்னார். எனக்கு மயக்கம் வரப் பார்த்தது. கணக்குப் புத்தகம் எங்கே என்றால், “நான் சொல்றேன், நீங்க எழுதுங்க” என்கிறார். இவ்வளவு காட்டினால் வரி நிறைய வரும், எதற்கும் ஒருதரம் சரிபார்த்துக்கொள்ளுங்கள் என்றேன். மனுஷனுக்கு முகம் சிவந்துவிட்டது. பிறகுதான் விஷயம் வந்தது. ஒரே மகள் உமையாள். பக்கத்து ஊரில் பெரிய வீட்டில் பையன் பார்த்திருக்கிறார்கள். பையனின் அப்பா யாரிடமோ பேச்சுவாக்கில், இந்தக் காலத்தில் இன்கம்டாக்ஸ் கட்டுகிறவன்தான் ஆள், மற்றதெல்லாம் சும்மா என்று சொல்லிவிட்டாராம். இவருக்கு உடனே ஒரு ரசீது வேண்டும். கல்யாணமே அந்த ரசீதில் தொங்குவதாக அவர் நினைப்பு. அவர் சொன்ன தொகையை நான் பேனாவால் எழுதிக்கொண்டிருக்கும்போதே எட்டிப் பார்த்துவிட்டுச் சொன்னார்: “கொறைச்சலாத் தெரியுது. மேல ஒரு ரெண்டாயிரம் போடுங்க வக்கீலய்யா. போறது எங்க மானமுல்ல.”

நான் வக்கீல் இல்லை என்று அவரிடம் எத்தனையோ தடவை சொல்லியாயிற்று. கேட்டால்தானே.

கேட்டது கிடைத்தது

வரி கட்டினார். ரசீதைக் கண்ணாடி போட்டு மாட்டாததுதான் பாக்கி. சம்பந்தி வீட்டுக்குச் செய்தி போனது, வெற்றிலை பாக்கு மாற்றினார்கள், தை மாதம் கல்யாணம் என்று பேசி முடித்தார்கள். எனக்கும் ஒரு சீப்பு வாழைப்பழம் வந்தது. என் தொழிலில் கட்சிக்காரர் பழம் கொடுத்தால் பயப்படவேண்டும். அது எனக்கு அப்போது தெரியாது.

ஒரு மாதத்தில் நோட்டீஸ் வந்தது. இந்த வருஷம் இவ்வளவு சம்பாதித்தவர் முந்தின ஏழு வருஷமும் சும்மாவா இருந்தார், அத்தனைக்கும் ரிட்டர்ன் போடு என்று கேட்டிருந்தார் ஆபீசர். அவரைக் குற்றம் சொல்ல முடியுமா? யாராயிருந்தாலும் கேட்பார்கள். செட்டியார் அந்த நோட்டீஸை ஏதோ அழைப்பிதழ் மாதிரி இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு வந்தார். பெரிய ஆபீசர் தம்மைப் பேர் சொல்லிக் கேட்டிருக்கிறார் என்று பெருமை வேறு. நான் ஏழு வருஷ வரி, அதன்மேல் அபராதம் என்று கூட்டிச் சொன்னேன். அவர் அப்படியே உட்கார்ந்துவிட்டார்.

தண்ணீர் கொடுத்தேன். குடித்தார். எனக்குக் கோபம் தாங்கவில்லை. சம்பாதிக்கத் தெரிகிறது, பெருமையடிக்கத் தெரிகிறது, கட்டச் சொன்னால் மட்டும் முகம் தொங்குகிறதா என்று நன்றாகவே கேட்டுவிட்டேன். அவர் அங்கவஸ்திரத்தை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். ஜப்பான்காரன் சண்டையோடு சண்டையாக ரங்கூன் கடை போய்விட்டதாம். அடகுபிடித்த நகை, கொடுத்த கடன், எல்லாம் அங்கேயே. இங்கே ஊரில் அரண்மனை மாதிரி ஒரு வீடுதான் மிச்சம். அப்படியானால் எதைச் சாப்பிடுகிறீர்கள் என்று கேட்டேன். அதை விட்டுவிட்டு, மடியிலிருந்த அங்கவஸ்திரத்தை மடிக்க ஆரம்பித்தார். மடித்துக்கொண்டே சொன்னார்: “வக்கீலய்யா, அந்த ஒரு வருஷந்தான் பொய். மத்த ஏழு வருஷமும் சத்தியமா ஒண்ணுமில்லை.”

யார் கட்சிக்காரர்?

சம்பாதித்துவிட்டு இல்லை என்கிறவனைப் பிடிக்கச் சட்டத்தில் பக்கம் பக்கமாக எழுதி வைத்திருக்கிறார்கள். சம்பாதிக்காமலே உண்டு என்று எழுதிக்கொடுத்து வரியும் கட்டியவனை என்ன செய்வது என்று ஒரு வரி இல்லை. எழுதினவர்கள் எங்கள் பக்கம் வந்ததில்லை போலிருக்கிறது. ஏழு வருஷத்துக்கும் வருமானம் இல்லை என்று ரிட்டர்ன் போட்டேன். எட்டாவது வருஷத்தது தவறு என்று ஒரு மனுவும் போட்டேன். அதை எழுதும்போது எனக்கே வெட்கமாக இருந்தது.

ஆபீசர் திருநெல்வேலிக்காரர், சின்ன வயசு. படித்துவிட்டு வயிறு குலுங்கச் சிரித்தார். அந்த வீட்டை அவர் ரோட்டிலிருந்தே பார்த்திருக்கிறார். முன்வாசல் ஒரு தெரு, பின்வாசல் அடுத்த தெரு. வருமானம் இல்லாமல் இந்த வீட்டில் ஏழு வருஷம் எப்படி அடுப்பு எரிந்தது, அதை மட்டும் சொல்லுங்கள், மற்றதை நான் பார்த்துக்கொள்கிறேன் என்றார். நியாயமான கேள்வி. சொல்லுங்கள் என்று நான் செட்டியாரின் முழங்கையை இடித்தேன்.

மகா பிரபு எழுந்து நின்றார். வருமானமெல்லாம் உண்மைதான், ஏழு வருஷத்துக்கும் தாமே கட்டிவிடுவதாகச் சொல்லிவிட்டார். எதை வைத்துக் கட்டுவது? வீட்டை விற்றுத்தான் கட்டவேண்டும். வீடு விற்றால் கல்யாணம் நின்றுவிடும். உண்மையைச் சொன்னாலும் நின்றுவிடும் என்று அவருக்குப் பயம். இரண்டில் எது மரியாதையாக நிற்கும் என்று மனுஷன் கணக்குப் பார்த்திருக்கிறார். நான் அவர் வேட்டியைப் பிடித்து இழுத்து உட்காரவைத்தேன். கட்டவேண்டியது இல்லை என்று நானும், கட்டியே தீருவேன் என்று அவரும் மாற்றி மாற்றிச் சொல்ல, ஆபீசர் பேனாவைக் கீழே வைத்துவிட்டார். “அவரு கட்டுதேங்காரு, நீங்க கட்டவிட மாட்டேங்கீக. ஒங்க ரெண்டு பேருல யாருய்யா கட்சிக்காரர்?”

இரண்டு வாரம் தவணை கொடுத்தார். சிரித்த களைப்பில் கொடுத்திருப்பார் என்று நினைக்கிறேன்.

பின்வாசல்

அந்த வார வெள்ளிக்கிழமை செட்டியாரின் சம்சாரம் சிகப்பி ஆச்சி என் ஆபீசுக்கு வந்தார். வீட்டுக்காரருக்குத் தெரியாமல், பஸ்ஸில். கூடவே ஒரு ஆள், மதுரையில் பழைய பாத்திரம் வாங்கி விற்கும் சுப்பையா. ஆச்சி உட்காரவில்லை. நான் எத்தனையோ முறை கேட்டு வராத பதிலை நின்றபடியே சொல்லிவிட்டார்.

செட்டியார் வீட்டு வழக்கம் உங்களுக்குத் தெரிந்திருக்கும். பெண் குழந்தை பிறந்த அன்றிலிருந்தே அதன் கல்யாணத்துக்குப் பாத்திரம் சேர்க்க ஆரம்பித்துவிடுவார்கள். வெண்கல உருளி, பித்தளை அண்டா, குத்துவிளக்கு, எவர்சில்வர், பீங்கான் என்று வருஷாவருஷம் சேரும். கல்யாணத்தன்று அத்தனையையும் வளவில், அதாவது வீட்டு உள்முற்றத்தில், பரப்பி வைக்க, ஊரே வந்து பார்க்கும். உமையாளுக்கு இரண்டு அறை நிறையச் சேர்த்திருந்தார்களாம். அதைத்தான் ஏழு வருஷமாகச் சாப்பிட்டிருக்கிறார்கள். மத்தியானம், தெரு முழுக்கச் சாப்பிட்டுக் கண்ணயரும் நேரம், சுப்பையாவின் வண்டி பின்வாசலுக்கு வரும். சத்தம் கேட்காமல் இருக்க வைக்கோலைச் சுற்றி ஏற்றுவார்கள்.

எனக்கு வந்த சந்தோஷத்தை என்ன சொல்ல. வீட்டுப் பாத்திரத்தை விற்றால் அது வருமானமே இல்லை, வரியும் கிடையாது, ஜெயித்துவிட்டோம் என்று மேஜையைத் தட்டிக் குதிக்காத குறை. ஆச்சி என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். தட்டிய கையை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தேன். பாவம், பெற்ற மகளுக்கு வைத்த சாமானை ஒவ்வொன்றாய்த் தூக்கிக்கொடுத்த கை அது. நான் பெரிய ஆலோசகன் மாதிரி மேஜையைத் தட்டுகிறேன். மகள் கல்யாணம் முடிகிற வரை இது வெளியே போகாதுல்ல என்று மட்டும் கேட்டார். போகாது என்றேன். சுப்பையாவிடம், ஆபீசர் முன்னால் வந்து சொல்வீர்களா என்றேன். தாராளமாக வருவதாகச் சொல்லிவிட்டு ஒரு நிபந்தனையும் போட்டார்: “சாமி, இந்த வீட்டைப் பத்திக் கேட்டா உள்ளதைச் சொல்லிப்புடுறேன். மத்த எந்த வீட்டுப் பின்வாசலும் எனக்குத் தெரியாது.”

ஆபீசர் வந்தார்

சுப்பையா சொன்னதைக் கேட்ட ஆபீசர், அந்த இரண்டு அறையையும் தாமே கண்ணால் பார்க்கவேண்டும் என்றார். சர்க்கார் ஜீப்பில் போனோம். ஜீப் அந்தத் தெருவில் நுழைந்ததும் ஜன்னலுக்கு ஜன்னல் தலை. சரி, ஊரைக் கூட்டியாயிற்று, கல்யாணம் இன்றைக்கே நின்றது என்று நான் முடிவே கட்டிவிட்டேன். செட்டியாரோ வாசலுக்கு வந்து, இரண்டு கையையும் விரித்து, எதிர்வீட்டுக்குக் கேட்கிற குரலில் ஆபீசரை வரவேற்றார். வீடு தேடி இன்கம்டாக்ஸ் ஆபீசர் வருகிற அளவுக்கு இவர் ஆள்தான் என்று தெரு பேசிக்கொண்டதாம். இந்த ஊரை நான் கடைசிவரை புரிந்துகொள்ளவில்லை.

உள்ளே அறைகளைத் திறந்தார்கள். ஒன்றும் இல்லை. தரையில் அண்டா இருந்த இடமெல்லாம் வட்டம் வட்டமாகத் தடம் மட்டும் இருந்தது. ஆபீசர் விரலை விட்டு அதை எண்ணினார். வெளியே வந்ததும் அவருக்கு ஒரு வெள்ளி டம்ளரில் காபி கொடுத்தார்கள். எனக்குக் காபி வரத் தாமதமாயிற்று. அவர் குடித்து முடித்தபிறகு, அதே டம்ளரைக் கழுவி எனக்குக் கொண்டுவந்தபோதுதான் காரணம் தெரிந்தது. ஆபீசரும் அதைப் பார்த்தார். பேனாவை மூடிச் சட்டைப் பையில் சொருகிக்கொண்டார்.

வாசலுக்குப் போகும் முன் அவர் நின்றார். தெருவே காத்திருக்கிறது, நான் இப்போது கும்பிட்டுவிட்டுப் போனால் உங்கள் வீட்டுக் கல்யாணத்துக்கு நல்லதா, கோபமாகப் போனால் நல்லதா என்று செட்டியாரிடமே கேட்டார். அந்த வேலையில் இப்படி ஒரு மனுஷன் இருந்ததைச் சொன்னால் நீங்கள் நம்பமாட்டீர்கள். செட்டியார் தெருவை ஒருதரம் எட்டிப் பார்த்துவிட்டுச் சொன்னார்: “கோவமாவே போங்கய்யா. ஒண்ணுமில்லாத ஆளு மேல எந்த ஆபீசரு கோவப்படப் போறாரு.”

ஆபீசர் விறுவிறுவென்று போய் ஜீப்பில் ஏறி உட்கார்ந்தார். நல்லாத்தான் நடித்தார்.

சம்பந்தி கேட்டது

உத்தரவு வந்தது. ஏழு வருஷத்துக்கும் வருமானம் இல்லை, எட்டாவது வருஷத்துக்குக் கட்டிய வரியைத் திருப்பித் தரலாம் என்று. செட்டியார் திரும்ப வாங்கமாட்டேன் என்று ஒரே பிடிவாதம். பணத்தைக் கொடுத்தால் ரசீதைத் திருப்பிக் கேட்டுவிடுவார்களோ என்று பயமாம். நான் தலையில் அடித்துக்கொண்டேன். ஆச்சிதான் அதட்டிக் கையெழுத்துப் போடவைத்தார். கல்யாணச் செலவுக்கு அதுதான் கையிலிருந்த காசு.

வரி போயிற்று, வளவு போகவில்லையே. கல்யாணத்தன்று எதைப் பரப்புவது? காரைக்குடியில் வாடகைக்குப் பாத்திரம் எடுத்துப் பரப்பிவிடலாம் என்பது செட்டியாரின் திட்டம். மறுபடியும் ஒரு பொய் ரிட்டர்ன், வேறென்ன. ஆச்சி அதைக் காதில் போட்டுக்கொள்ளவே இல்லை. ஒருநாள் மத்தியானம் தனியாகப் பையன் வீட்டுக்கே போய், பையனின் அம்மாவிடம் ஒன்றுவிடாமல் சொல்லிவிட்டார். ரங்கூனில் போனது, பாத்திரம் விற்றது, ரசீது பொய் என்பது உட்பட. எங்க மக வெறுங்கையோடதான் வருவா, பிடிக்கலைன்னா இப்பவே சொல்லிடுங்க என்று சொல்லிவிட்டு உட்கார்ந்திருந்தாராம்.

இதை அவர் என் ஆபீசில் வந்து சொன்னபோது எனக்கு உயிரே போய்விட்டது. இத்தனை நாள் கட்டிக்காத்ததை இந்த அம்மாள் ஒரு மத்தியானத்தில் போட்டு உடைத்துவிட்டாரே, கல்யாணம் நின்றுவிட்டதா என்று கேட்டேன். ஆச்சி சிரித்தார். அவர் சிரித்து அன்றைக்குத்தான் பார்த்தேன். பையனின் அம்மா எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, எழுந்து போய், ஆம்பளைகள் யாரும் பக்கத்தில் இல்லையே என்று பார்த்து, கதவைச் சாத்திவிட்டு வந்து இவர் கையைப் பிடித்துக்கொண்டாராம். பிடித்துக்கொண்டு சொன்னாராம்: “சாமானே பரப்ப வேணாம் ஆச்சி. நீங்க பரப்புனா, எங்க வீட்டுச் சாமானையும் பாக்கணும்னு நாலு பேரு வருவாக. அது கெடக்கட்டும், மதுரை சுப்பையா ஒங்களுக்காவது எடையில ஒழுங்கா நடந்துக்கிட்டானா?”

தை மாதம் கல்யாணம் நடந்தது. பந்தியில் இரண்டு சம்பந்திகளும் எனக்கு எதிரே அருகருகே உட்கார்ந்து, இந்தச் சர்க்கார் வருஷாவருஷம் தங்களைப் போட்டுப் பிழிவதைப் பற்றிப் பேசித் தீர்த்துக்கொண்டிருந்தார்கள். நான் இலையை விட்டுத் தலையைத் தூக்கவில்லை.

இருக்கிற வருமானத்தை இல்லை என்கிறவர்களிடம் வசூலிக்க இத்தனை சட்டம் போட்ட சர்க்கார், இல்லாத வருமானத்தை உண்டு என்கிறவர்களுக்கும் ஒரு சின்ன வரி போட்டிருந்தால், எங்கள் பக்கத்து வசூலை வைத்தே நாட்டின் கடனையெல்லாம் அடைத்திருக்கலாம்.